ஜெனரேட்டர் நோட்டு

ராஜபாளையத்துப் பக்கம் ஒரு நூல் மில். புதிதாக வந்த மேனேஜர் வைத்தியலிங்கத்துக்குக் காகிதம் என்றாலே ஆகாது. மெஷின்களை ஓட்டும் முறை எழுதிய நோட்டுகளையெல்லாம் பிடுங்கி பீரோவில் பூட்டினார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பிறகு ஆட்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரைக் காட்டி முழங்கினார்.

"இனிமே நோட்டு கேட்டா வேலை கிடையாது. இதுல படிக்க முடியாததுன்னு ஒண்ணைக் காட்டுங்க, நான் ராஜினாமா பண்றேன்!"

ஜெனரேட்டர் பார்க்கும் பேச்சியம்மாள் எழுந்தாள்.

"ஜெனரேட்டர் நோட்டும் இதுல இருக்கா சார்?"

"படத்தோட இருக்கும்மா."

"கரண்ட் போனா இதைப் பார்த்துத்தான் ஸ்டார்ட் பண்ணணுமா?"

"ஒரு வரி விடாம!"

"அப்போ இப்பவே பழகிக்கிறேன் சார்" என்றவள், கதவோரம் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள்.

ஃபேன் நின்றது. பேட்டரி செத்த யு.பி.எஸ். ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது. திரை கறுத்தது.

"அந்தப் பக்கத்தைத் திறங்க சார்."

மேனேஜர் திரையையே பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து, கிரீஸ் படிந்த நோட்டை எடுத்து நீட்டினார்.

பேச்சியம்மாள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"கடைசியில ரெண்டு தாள் எழுதாம இருக்கு சார். ராஜினாமாவுக்கு ஒண்ணு கிழிச்சுத் தரட்டுமா?"