பாலத்தடிக்கு ஒரு வீடு

"அம்மணி, இந்த நாயை யார் தலையிலதான் கட்டுறது?" என்று கேட்டார் நடேசமூர்த்தி.

அருள்செல்வி சோற்றுப் பானையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தலையில எதுக்குங்கண்ணா? தரையில விட்டாப் போதும்."

ஆனைமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே, அருள்செல்வி நாய்க் காப்பகம் வைத்திருந்தார். அடிபட்டவை, விரட்டப்பட்டவை, வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனவை எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. அவருக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் பாடம் கேட்க வந்த நடேசமூர்த்திக்கு ஐம்பத்தொன்பது.

நடேசமூர்த்தி முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின் மீட்டர் பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு அவரால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

கடிக்க வரும் நாய்கூட அருள்செல்வி பக்கத்தில் போனால் படுத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். புறப்பட்டு வந்துவிட்டார்.

"அந்த வித்தையை எனக்குக் கத்துக்குடுங்க அம்மணி."

"முப்பது வருஷம் நாய் துரத்தினது பத்தலீங்களா?"

"பத்தலீங்க."

"அப்ப சோத்தைக் கிளறுங்க."

அவ்வளவுதான் உபதேசம். எட்டு மாதமாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

காப்பகத்தில் நாய்களுக்குப் பெயர் வைப்பதில்லை. கொண்டுபோகிற வீட்டார்தான் வைக்க வேண்டும். அதுவரை, கிடைத்த இடம்தான் பெயர்.

நடேசமூர்த்தி கேட்டது பாலத்தடியைப் பற்றி. அது ஒரு செவலைப் பெட்டை. ஆற்றில் வெள்ளம் வந்தபோது பாலத்துக்கு அடியில் கிடைத்தது. வலது காது பாதிதான் இருந்தது. ஆள் நிழல் விழுந்தாலே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு வீட்டார் அதைக் கொண்டுபோனார்கள். இரண்டு வீட்டாரும் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

"நாய்னு சொல்லிக் குடுத்தீங்க. கட்டிலுக்கு அடியில ரெண்டு கண்ணுதான் இருக்குது," என்றார் இரண்டாம் வீட்டுக்காரர். "வெறும் கண்ணை வச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

முதல் தடவை திரும்பி வந்தபோது பாலத்தடி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த தடவை ஐந்து நாள்.

"இன்னொருக்காத் திரும்பி வந்தா இது தாங்காதுங்கண்ணா," என்றார் அருள்செல்வி. அன்று அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுலோச்சனா வந்தார். டவுனில் ரவிக்கை தைப்பவர். தனியாள்.

நடேசமூர்த்தி பாலத்தடியின் முதுகை ஈரத்துணியால் துடைத்து, வேப்பமரத்தடியில் கொண்டுவந்து விட்டார். அது மரத்தின் பின்னால் போய் நின்றது.

சுலோச்சனா அதைக் கூப்பிடவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு ரவிக்கையை எடுத்தார். கொக்கி வைத்துத் தைக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நாலு ரவிக்கை முடிந்தது.

"நான் கூட்டிட்டுப் போறேனுங்க," என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

நடேசமூர்த்திக்குப் பொறுக்கவில்லை.

"ஒருக்காக்கூடக் கூப்பிடலையே அம்மணி! திரும்பிக்கூடப் பார்க்கல!"

"ஆமாங்கண்ணா," என்றார் அருள்செல்வி சந்தோஷமாக.

காப்பகத்துக்கு ஒரு முறை உண்டு. நாயைக் கொடுத்த பிறகு ஒரு மாதம், வாரம் ஒருதடவை யாராவது போய்ப் பார்க்க வேண்டும். சரியில்லையென்றால் திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும்.

"நான் போறேன்," என்றார் நடேசமூர்த்தி.

"வாரம் ஒருக்கா."

"வாரம் ஒருக்காதானுங்க."

மறுநாளே போனார்.

முன்னறையில் தையல் மிஷின். அதைத் தாண்டினால் கட்டில். நடேசமூர்த்தி நேராகப் போனார், மண்டியிட்டார், கட்டிலுக்கு அடியில் குனிந்தார். இரண்டு கண்கள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

பாக்கெட் நோட்டில் எழுதினார்: கட்டிலடி.

சுலோச்சனா சொம்பில் தண்ணீரோடு வந்தபோது அவர் தெருவில் இருந்தார். முப்பது வருஷத்தில் எந்த வீட்டிலும் அவர் உட்கார்ந்ததில்லை. பார்ப்பார், எழுதுவார், அடுத்த வீட்டுக்குப் போவார்.

இரண்டாம் நாள்: கட்டிலடி.

மூன்றாம் நாள் டார்ச் கொண்டுபோனார். நாலாம் நாள் பிஸ்கட். ஐந்தாம் நாள் கறிக்கடை எலும்பு. கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி நீட்டித் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

கட்டிலடி. கட்டிலடி. கட்டிலடி.

பத்தாம் நாள் காலையில் அருள்செல்வி முன்னால் போய் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"அம்மணி, ஒன்பது நாளா ஒரே ரீடிங்."

"வாரம் ஒருக்கான்னீங்க?"

நடேசமூர்த்தி நோட்டைப் பிரித்துக் காட்டினார்.

"அது அங்க செத்துரும் அம்மணி. திருப்பிக் கூட்டிட்டு வந்துரலாம்."

"திரும்பி வந்தாத் தாங்காதுன்னேன்."

"அங்க இருந்தாலும் தாங்காதுங்க. வெடவெடன்னு நடுங்குது. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அருள்செல்வி சோற்றுப் பானையை இறக்கி வைத்தார். அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார்.

"வாங்க, போலாம்."

சுலோச்சனாவின் தெருவில், அவர் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளி ஒரு டீக்கடை இருந்தது. அருள்செல்வி அங்கே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒரு டீ குடிச்சுட்டுப் போலாங்கண்ணா."

"நாய் அங்க நடுங்கிட்டு இருக்குது, நீங்க டீங்கறீங்க."

"உட்காருங்க."

உட்கார்ந்தார். காலை ஆட்டிக்கொண்டே அந்த வீட்டைப் பார்த்தார்.

கதவு திறந்திருந்தது. மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் வெட்டுத்துணிகள் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் ஒரு நாய், நாலு காலையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு, வயிற்றில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"பார்த்தீங்களா!" நடேசமூர்த்தி பாதி எழுந்துவிட்டார். "அந்தம்மா இன்னொரு நாய் வச்சிருக்குது! அதான் நம்மளுதைக் கவனிக்கறதில்ல."

"வலது காதைப் பாருங்க."

பார்த்தார். பாதிதான் இருந்தது.

மிஷின் நின்றது. சுலோச்சனா குப்பைக்கூடையோடு வெளியே வந்தார்.

"பட்டன், நகந்து படு சாமி."

நாய் நகரவில்லை. வாலை மட்டும் இரண்டு தடவை தரையில் அடித்தது. சுலோச்சனா அதைத் தாண்டிப் போய்க் குப்பையைக் கொட்டினார், தாண்டி உள்ளே வந்தார்.

நடேசமூர்த்தி கிளாஸை அப்படியே வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

பாதித் தெருவைக் கடந்திருப்பார். நாய் தலையைத் தூக்கியது. புரண்டு எழுந்தது. வால் காலுக்கு இடையில் போயிற்று. அவர் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெட்டுத்துணிதான் இருந்தது.

"வாங்க," என்றார் சுலோச்சனா. தினமும் போல ஒதுங்கிக் கட்டிலுக்கு வழிவிட்டார்.

நடேசமூர்த்தி உள்ளே போகவில்லை.

"இது... எப்பவும் வாசல்லதான் படுத்துக்குமா?"

"ஆமாங்க. மூணாம் நாள்லருந்து."

"எங்கிட்ட ஏங்க சொல்லல?"

"நீங்க எங்கிட்ட ஒண்ணும் கேட்கலீங்களே. நேரா கட்டிலுக்குப் போவீங்க, குனிவீங்க, எழுதுவீங்க, போயிருவீங்க." சுலோச்சனா தயங்கினார். "நீங்க போனா ஒரு மணி நேரத்துல வெளிய வந்துரும்ங்க. இப்பெல்லாம் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாவே வருது."

நடேசமூர்த்தி டீக்கடைக்குத் திரும்பி வந்தார். அருள்செல்வி எழுந்து நின்றிருந்தார்.

"நான் இனிமே வரலை அம்மணி."

"சரிங்கண்ணா."

இருவரும் நடந்தார்கள். பத்தடி போய் நடேசமூர்த்தி திரும்பிப் பார்த்தார். வாசலில் யாருமில்லை. இன்னும் இருபதடி போய்ப் பார்த்தார். யாருமில்லை. தெரு திரும்பும் இடத்தில் அவர் கால் நின்றுவிட்டது.

"நான் வரலைன்னா, அது நல்லா இருக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்கண்ணா," என்றார் அருள்செல்வி.