தின்பதற்கு முன்னால்

“தாயே, இந்த நாயை அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுட்டு வரணும். உத்தரவு குடுங்க.”

சிதம்பரதாணு இதைச் சொன்னபோது மலைமேல் விடிந்துகொண்டிருந்தது. மேகம் இன்னும் எழுந்திருக்கவில்லை. சுனையைச் சுற்றியும் குடிசையைச் சுற்றியும் வெள்ளையாகப் படுத்துக் கிடந்தது.

சுனையம்மை காட்டுக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எதுக்கு?”

“சொல்ல நாக் கூசுது.”

“கூசினா சொல்லாண்டாம்.”

அவர் சொன்னார்.

“தன் கழிவைத் தானே தின்னுது.”

கத்தி நிற்கவில்லை. தோல் சுருள்சுருளாக விழுந்தது.

அவருக்கு அறுபத்தொரு வயது. அவளுக்கு நாற்பது இருக்கலாம். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், கடைசி பதினொரு வருஷம் தலைமையாசிரியர். அவள் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. காணாமல்போன ஆட்டைத் தேடி மலையேறியவள் அப்படியே தங்கிவிட்டாள் என்று கீழே சொல்வார்கள். ஆடு கிடைத்ததா என்று யாரும் கேட்டதில்லை.

ஏழு மாதத்துக்கு முன்பு, வீட்டைப் பூட்டிவிட்டு, ஞானம் வேண்டும் என்று அவர் வந்து நின்றார். அவள் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு பாயை எடுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவர் வீட்டில் வளர்ந்த நாயும் கூடவே வந்துவிட்டது. செவலை நிறம். பெயரும் செவலைதான். அவர் அதைக் கூப்பிடவில்லை. ஒரு பகல் முழுக்க அவர் பின்னாலேயே நடந்து வந்தது.

“நாயும் ஒரு பற்றுதானே தாயே. அதையும் அறுத்துரலாம்னு பாக்கேன்.”

“பற்றா, அருவருப்பா?”

அவர் தரையில் கிடந்த தோல் சுருளைக் காலால் ஒதுக்கினார்.

“பசியா இருக்குமோ?” என்றாள் அவள்.

அன்றிலிருந்து செவலைக்கு இரண்டு வேளை கூழ். பசி தீர்ந்தது. பழக்கம் தீரவில்லை.

“வயித்துல பூச்சி இருக்குமோ?”

பச்சிலையை அரைத்துப் புகட்டினார். பூச்சி விழுந்தது. பழக்கம் போகவில்லை.

“சத்து பத்தலையோ?”

கீரையை வேகவைத்துக் கூழோடு பிசைந்து வைத்தார். செவலையின் ரோமம் பளபளத்தது. பழக்கம் அப்படியே இருந்தது.

“தாயே, இது பிறவிக் குணம். போன ஜென்மத்து வாசனை. நம்மால ஆகாது.”

“தின்னுறதுக்கு முன்னால அது என்ன செய்யுது?”

“பாக்கல.”

“தின்னும்போது?”

“மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்.”

“அப்போ இன்னும் பாக்கவே இல்ல.”

மறுநாள் விடியலில் அவர் ஒரு பாறை ஓரமாக நின்று பார்த்தார். மேகம் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செவலை அதில் மிதந்து வருவதுபோல வந்தது. இடம் தேடி நாலு சுற்றுச் சுற்றியது. உட்கார்ந்தது. எழுந்தது. பிறகு திரும்பி அதைத் தின்றது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

“முதல்ல சுத்திமுத்திப் பாக்குது தாயே.”

“எதைப் பாக்குது?”

“அது தெரியல.”

“போயிட்டு வாங்க.”

அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது அவர் நடை மெதுவாக இருந்தது.

“என்னைத்தான் பாக்குது.”

“பாத்து?”

“அவசர அவசரமா முழுங்குது. ருசிச்சுத் தின்னுற மாதிரி இல்ல. பிள்ளைங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கஷாயம் குடிக்குமே, அந்த மாதிரி.”

சுனையம்மை கத்தியைக் கீழே வைத்தாள்.

“கீழ போயி உப்பு வாங்கிட்டு வாங்க. மூணு நாள் தங்கிட்டு வந்தாப் போதும்.”

“உப்பு இருக்கே தாயே.”

அவள் எழுந்து உப்புப் பானையை எடுத்தாள். மான்கள் வந்து நக்கும் பாறைக்குப் போனாள். பானையை அங்கே கவிழ்த்தாள்.

“இப்போ இல்ல.”

அவர் இறங்கினார். செவலை பின்னால் ஓடியது. அவள் அதன் கழுத்தில் கை போட்டுப் பிடித்துக்கொண்டாள். மேகத்துக்குள் அவர் தலை மறையும்வரை அது முனகிக்கொண்டே இருந்தது.

அடிவாரத்துச் சத்திரத்தில் மூன்று நாள் கழிந்தது. வெயில் அடித்தது, பஸ் ஓடியது, மனிதர்கள் பேசினார்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல அவருக்குத் தூரமாக இருந்தது.

உப்பு வாங்கிய கடையில் ஒரு டெலிபோன் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

அவருக்கு ஒரே மகன், குலசேகரன். இரண்டு பஸ் மாறிப் போனால் வரும் ஊரில் வேலை. வாரா வாரம் போன் பேசுவான். ‘நல்லா இருக்கேம்பா’ என்பான். அம்மா செத்த பிறகும் அதையேதான் சொன்னான். ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. மகனுக்கு வேலை போய் எத்தனையோ மாதம். மருமகள் சுபத்திரை தாய்வீட்டோடு இருக்கிறாள்.

‘பெத்த தகப்பன்கிட்ட ஒளிச்சுட்டானே’ என்றுதான் அன்று நினைத்தார். பந்தியிலிருந்து பாதியில் எழுந்தார். அடுத்த வாரம், மலைக்குப் போகிறேன் என்று மகனுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டினார். அதற்குப் பெயர் துறவு என்று நம்பினார்.

டெலிபோனை அவர் தொடவில்லை.

நாலாம் நாள் காலையில் உப்புப் பையோடு மேலே வந்தார்.

“நாய் எப்பிடி இருந்துச்சு தாயே?”

“நாய் மாதிரி இருந்துச்சு.”

“காலையில?”

“புல்லுக்குள்ள போச்சு. வெளிக்கு இருந்துச்சு. பின்னங்காலால மண்ணைப் பறிச்சுவிட்டுட்டு ஓடியே போச்சு. திரும்பிக்கூடப் பாக்கல.”

“தின்னல?”

“தின்னல.”

“மூணு நாளுமா?”

“மூணு நாளும்.”

உப்புப் பை கையில் கனத்தது. சுனையம்மை அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

செவலை அவரைப் பார்த்துவிட்டது. காதுகள் படிந்தன. உடம்பு முழுக்க வாலாகிவிட்டது. அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து, மூச்சிரைத்து, பாதத்தில் தலையைத் தேய்த்தது. அதன் ஆட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு ஒதுங்கப் போனது. அவரும் போனார்.

அப்போது பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்தது. மரம் போனது. பாறை போனது. நாயும் போனது. கையை நீட்டினால் கை தெரியவில்லை. உலகத்தில் ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. மெல்லுகிற சத்தம். ஈரமாக, பதற்றமாக, யாரோ வந்துவிடுவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதுபோல.

அந்தச் சத்தத்தை அவர் முன்பு எங்கேயோ கேட்டிருந்தார்.

முதலில் பிரம்பு ஞாபகம் வந்தது. குட்டியாக இருந்தபோது செவலை முன்னறையை அசிங்கம் செய்தது. அதன் மூக்கை அதிலேயே வைத்து அழுத்திவிட்டு அடித்தார். மறுநாளும் அடித்தார். ஒரு வாரத்தில் வீடு சுத்தமாகிவிட்டது. ‘ஒரே வாரத்துல படிச்சுக்கிட்டுது’ என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார்.

படித்துத்தான் இருந்தது. அவர் நடத்திய பாடத்தை அல்ல.

மெல்லும் சத்தம் நிற்கவில்லை. அது நாய் மெல்லும் சத்தமில்லை. காகிதம் மெல்லும் சத்தம்.

குலசேகரன் அப்போது ஐந்தாம் வகுப்பு. அரைப்பரீட்சைக் கணக்குத் தாள் கொடுத்த நாள். ‘தாள் எங்கலே?’ என்று கேட்டபடியே அவர் வீட்டுக்குள் நுழைந்தார். பையன் அறை மூலையில் முதுகைக் காட்டி நின்றான். திரும்பியபோது கன்னம் உப்பியிருந்தது. உதட்டோரம் மை நீலமாக வழிந்தது. அவர் வாயைப் பிளந்து பார்ப்பதற்குள் முழுங்கிவிட்டான். எத்தனை மார்க் என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்கும் சேர்த்து அடித்தார்.

அதை அவர் ஆசிரியர் அறையில் வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ‘கணக்கைக் கரைச்சுக் குடிச்சவனை நீங்க பாத்திருப்பீங்க. என் மகன் மென்னே தின்னவன்.’ எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள்.

மேகத்துக்குள் சிதம்பரதாணு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சம் வந்தபோது எதிரே செவலை நின்றிருந்தது. வால் இரண்டு காலுக்கும் நடுவில். நாக்கு உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது. தரையில் ஒன்றுமே இல்லை. எல்லாம் சுத்தமாக இருந்தது.

நான் ஒன்றும் செய்யவில்லையே என்பதுபோல அது அவரைப் பார்த்தது.

அவருக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குடிசைக்கு வந்தார்.

“நான் என்ன செய்யணும் தாயே?”

சுனையம்மை ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்தாள். மணலை அள்ளி நிரப்பி அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் அவர் சிரட்டையோடு போனார். அவர் வருவதைக் கண்டதும் செவலை இன்னும் வேகமாக முழுங்கியது. மணலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

அடுத்த நாள் தூரத்திலேயே நின்றார். பயனில்லை. ‘தின்னாதே’ என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். அவர் குரலைக் கேட்டதுமே நாயின் முதுகு நடுங்கியது.

அப்புறம் ஒரு நாள் போய் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். சிரட்டை மடியில் இருந்தது. எதிரே பள்ளம், அதற்கப்பால் மலைக்குப் பின்னால் மலை, கடைசியில் மலையா மேகமா என்று தெரியாத ஒரு நீலம். பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை.

மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். மலையில் நாளுக்குப் பெயர் கிடையாது. எத்தனை காலை போயிற்று என்று அவர் கணக்கு வைக்கவில்லை. மேகம் வந்தது, போனது. சில சமயம் அவர் இருக்கிறாரா, இல்லை மேகம்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று அவருக்கே விளங்காமல் போனது.

ஒரு காலையில் சத்தம் கேட்கவில்லை.

காத்திருந்தார். இலைமேல் கால் வைக்கும் ஓசை. நிற்கும், வரும், மறுபடி நிற்கும். அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். ஈரமான மூக்கு ஒன்று முழங்கையைத் தொட்டது. எடுத்துக்கொண்டது. திரும்பவும் தொட்டது. அப்புறம் ஒரு சூடான பாரம் அவர் விலாவோடு சாய்ந்து படுத்தது.

வெகுநேரம் கழித்து எழுந்தார். பின்னால் போய், அங்கே கிடந்ததன்மேல் மணலைப் போட்டு மூடினார். செவலை தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“கீழ போறேன் தாயே.”

“உப்பு இருக்கே.”

மலைக்கு வந்த பிறகு முதல்முறையாக அவர் சிரித்தார்.

“மகனைப் பாக்கணும்.”

“போயி என்ன கேப்பீங்க?”

கேட்பதற்கு அவரிடம் எவ்வளவோ இருந்தது. ஏன் மறைத்தாய்? யார் செய்த தப்பு? எத்தனை நாளாக?

“ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

செவலை சுனையோரம் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தது. கால்கள் கனவில் ஓடின. அவர் அதை எழுப்பவில்லை.

மறுநாள் மகன் இருந்த ஊரில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினார். குலசேகரன் திறந்தான். முப்பத்தாறு வயதில் தாடியில் வெள்ளை எட்டிப்பார்த்தது.

“அப்பா! சொல்லாம கொள்ளாம...”

சொல்லிக்கொண்டே அவன் கண்கள் அறையை ஒரு சுற்றுச் சுற்றின. காலால் எதையோ கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கொடியில் கிடந்த அழுக்குச் சட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

“நல்லா இருக்கேம்பா.”

அவர் இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

“வேலைதான் கொஞ்சம் ஜாஸ்தி. சுபத்திரை அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. நாளைக்கு, இல்லேன்னா நாளைக் கழிச்சு வந்துருவா.”

“சரிடே.”

ஜன்னலோரம் ஒரு நாற்காலி கிடந்தது. அவர் அதில் தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். தூறல் புகைபோல இறங்கியது. குடைகள் வந்தன, போயின. யாரோ ஒரு பெண் துணியை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். எதிர்வீட்டு ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

பின்னால் ஒரு டம்ளர் நகரும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. ஒருவன் நின்றுகொண்டிருக்கும் சத்தம் மட்டும்.

“அப்பா.”

“ம்.”

தூறல் வலுத்தது. அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு வேலை போயி ஒண்ணரை வருஷம் ஆச்சுப்பா.”

அவர் திரும்பவில்லை.

“சரிடே,” என்றார். “சாப்பிட்டியா?”