கயிறு இல்லாத சுற்று

"கயிறு எங்கே குருவே?"

செலின் மூன்றாவது தடவையாகக் கேட்டாள். மலைமேல் வானசாஸ்திரம் கற்பிக்கிற அந்தக் குருவுக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான்.

காலையில் அவர் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டியிருந்தார். கை சூரியன். கல் பூமி. கயிறு, சூரியனின் இழுப்பு.

"கல்லுக்குக் கயிறு இருக்கு, சரி. பூமிக்கு?"

"கிடையாது."

"அப்ப நீங்க காட்டினது பொய்யா?"

"இழுப்பு நிஜம். அது கண்ணுக்குத் தெரியாது, அதனால கயிறு கட்டினேன். கயிறு உனக்குத்தான். பூமிக்கு இல்ல."

"கயிறு அறுந்தா கல் பறந்துடுமே?"

"பறக்கும்."

"அப்போ பூமி?"

குரு சிரித்தார். "பூமியைப் பத்திக் கேக்கத்தான் வந்தியா? இல்ல, இதைப் பத்தியா?"

அவர் காட்டியது செலினின் இடுப்பை.

அங்கே ஒரு துப்பட்டா முடிச்சு. மறுமுனையில் அவள் மகள் ஜோவிட்டா. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பிள்ளையை அவள் அவிழ்த்து விட்டதே இல்லை. குருவின் முற்றத்தைச் சுற்றி ஆளுயரச் சுவர். கதவும் சாத்தியிருந்தது. ஆனாலும்.

"மாட்டைக்கூடக் காலையில அவிழ்த்து விடுறாங்க."

"மாடு விழுந்தா எழுந்துக்கும்."

"இவ?"

செலின் துப்பட்டாவைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள்.

"என் கயித்துல இன்னொரு குறை இருக்கு," என்றார் குரு. "கல்லு எப்பவும் ஒரே தூரம். பூமி அப்படி இல்ல. கொஞ்சம் விலகும், வேகம் குறையும். கிட்ட வரும், வேகம் கூடும். கயித்துல அதைக் காட்ட முடியாது."

"வேற எதுல காட்டுவீங்க?"

"நான் எங்க காட்டுறது? நீதான் சூரியன். பிள்ளையை அவிழ்த்து விட்டுட்டு நடுவுல உக்காரு. அசையாதே."

பிள்ளையின் இடுப்பில் இழுத்து இழுத்து இறுகிப்போன முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

ஜோவிட்டா பிடித்தாள் ஓட்டம்.

செலின் பாதி எழுந்துவிட்டாள்.

"அசையாதே."

தூரம் கூடக் கூடப் பிள்ளையின் கால் தயங்கியது. சுவரோரம் மெல்ல மெல்ல நடந்தாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வளைந்தாள். நெருங்க நெருங்க ஓட்டமெடுத்தாள். செலின் இரண்டு கைகளையும் விரித்தாள்.

ஜோவிட்டா கெக்கலித்தபடி அவளை உரசிக்கொண்டு தாண்டி, மறுபடி சுவரை நோக்கி ஓடினாள்.

"கயிறு எங்கே?" என்றார் குரு.

"சும்மா இருங்க குருவே," என்றாள் செலின். "இப்பத் திரும்புவா பாருங்க."