மூன்று தடவை திறந்த பை

அந்த சாப்ட்வேர் ஆபீஸில் சபேசன்தான் பெரிய தலை. அவர் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு டேட்டாவையும் அடிக்கொரு தடவை நிறுத்தி, “நீ என்ன வகை?” என்று திறந்து பார்க்கும். அதனால் நத்தையாய் நகர்ந்தது.

“நாளைக்குள்ள இது வேகமா ஓடணும். ஆனா என் வரி ஒண்ணையும் தொடக்கூடாது. முடியலைன்னா வேற வேலை பார்த்துக்கோம்மா,” என்றார், புதிதாய்ச் சேர்ந்த இசக்கியிடம்.

இசக்கி செக்யூரிட்டி அண்ணனிடம் போய் ஏதோ சொன்னாள்.

மறுநாள் சபேசனின் பையை கேட்டில் திறந்து பார்த்தார்கள். லிஃப்ட் வாசலில் திறந்தார்கள். கேபின் வாசலிலும் மறித்துத் திறந்தார்கள்.

“கழுத்துல ஐடி கார்டு தொங்குதே, கண்ணு தெரியலையா?” என்று கத்தினார்.

“உங்க புரோகிராமுக்குள்ளே இருக்கிற டேட்டாவுக்கும் வகை எழுதின கார்டு இருக்கு சார்,” என்றாள் அங்கே வந்து நின்ற இசக்கி. “வெளியிலிருந்து வர்ற பார்சலை மட்டும் வாசல்ல ஒரு தடவை பிரிச்சுப் பார்த்தா போதாதா?”

சாயங்காலம் புரோகிராம் பறந்தது. இசக்கி ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. நடுவிலிருந்த சோதனை வரிகளை உட்கார்ந்து அழித்தவர் சபேசனேதான்.