முதலாளிக்கு முதல் பாடம்

தூத்துக்குடி உப்பள முதலாளி கஸ்பாரின் மகள் பிளாரன்ஸ், பியானோவைக் கண்டாலே ஓடிவிடுவாள். வந்த டீச்சர்களெல்லாம் ஓய்ந்து போனார்கள். புதிதாக வந்த எமில்டாவிடம் கஸ்பார் உறுமினார்: "கிறிஸ்துமஸ் விருந்துல பிள்ளை வாசிச்சாகணும். ஆனா அவளை அதட்டக் கூடாது!"

"சரிங்க சார். முதல் பாடம் உங்களுக்குத்தான், உக்காருங்க," என்றாள் எமில்டா.

அவருடைய தடித்த விரல் ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அலறியது. தினமும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்த மகளுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "ஐயோ, தள்ளுங்கப்பா!" என்று வந்து உட்கார்ந்தவள், அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே டீச்சரிடம் கற்றுக்கொண்டாள்.

விருந்தில் அவள் வாசித்ததும் வீடே கைதட்டியது. கஸ்பார் மீசையை முறுக்கினார்: "எல்லாம் நான் வேணும்னே தப்பா வாசிச்சதாலதான்!"

"அப்படின்னா இப்ப சரியா வாசிங்க சார்," என்றாள் எமில்டா.

கஸ்பாரின் கை மீசையிலிருந்து மெல்ல இறங்கியது. மகள் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்கப்பா, நான் அதட்ட மாட்டேன்."