ஒன்பது பீப்பாய்க் கருப்பட்டி

இது கேள்வியில் முடியும் கதை. விடை தெரிந்தவர்கள் கடைசி வரை பொறுத்திருக்க வேண்டும். தெரியாதவர்களும் அவசரப்பட வேண்டாம். இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு புதுப் பாட்டில் வருகிறது, அதன் மேல் ஒரு புதுத் தாத்தாவின் படமும் வருகிறது. என்ன செய்ய?

புதுச்சேரிக்கு வெளியே ஒரு விஸ்கி ஆலை. அங்கே சவரிராயன் இருபத்தொன்பது வருடமாகப் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்பவர். ஏழு வருடம் முன்பு ஒரு புயலில் கிடங்குக் கூரை சரிந்து ஒன்பது பீப்பாய்கள் விரிசல் கண்டன. அடைக்கச் சரியான சாமான் கைவசம் இல்லை. கொத்தனார் மகனான சவரிராயன், சுவருக்குப் பூசுவது போலச் சுண்ணாம்பையும் கருப்பட்டியையும் குழைத்து விரிசலை அடைத்தார். அந்தக் கருப்பட்டியை வீட்டு உரலில் இடித்துக் கொடுத்தது, அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் மோனிக்.

அது தப்பான வேலைதான். ஆனால் ஆறு வருடம் ஊறிய விஸ்கியில் ஒவ்வொரு மடக்கின் கடைசியிலும் லேசான கருப்பட்டி வாசம் வந்துவிட்டது. அதில் பாதியை ஆலையே ஊதா லேபிள் ஒட்டி மலிவாக விற்றது. மீதிப் பாதியைப் பெயர் எழுதாத ஒரு லாரி வந்து ஏற்றிப்போனது. அது எங்கே போகிறது என்று யாரிடமும் சொல்வதில்லை என்று முதலாளி சவரிராயனிடம் சத்தியம் கேட்டார். சொன்னால் அந்த வியாபாரம் போகும், கிடங்கில் பதினாறு பேருக்கு வேலையும் போகும் என்றார். சவரிராயன் மகள் மேல் ஆணையிட்டுச் சத்தியம் செய்தார். வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

போன வருடம் மோனிக்குக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் பெனுவா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்க்க வந்தபோது கையோடு 'பாட்டன் கிடங்கு' என்ற விலை உயர்ந்த விஸ்கியைக் கொண்டுவந்தார். லேபிளில் ஒரு மீசைக்காரர் முறைத்துக்கொண்டிருந்தார். நான்கு தலைமுறையாகக் குடும்ப நிலவறையில் ஊறியது என்று கீழே அச்சடித்திருந்தது. எந்தக் குடும்பம், எந்த ஊர் நிலவறை என்று மட்டும் எங்கும் இல்லை.

"கடைசியில ஒரு கருப்பட்டி வாசம் வரும் பாருங்க சம்மந்தி. அதான் ரகசியம்" என்றார் பெனுவா. ஆலைச் சரக்கை மனுஷன் குடிப்பானா என்றும் சேர்த்துக்கொண்டார். சவரிராயன் ஒரு மடக்கு குடித்ததுமே கோப்பையை வைத்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். காலிப் பாட்டில் அழகுக்காக அலமாரியில் ஏறியது.

அந்த இரண்டு குடும்பத்திலும் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று பெண்வீட்டார் ஊற்றும் முதல் கோப்பையை மாப்பிள்ளையின் தகப்பன் குடித்த பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். பாட்டன் கிடங்குதான் வேண்டும் என்று பெனுவா சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வாரம் பார்த்து எந்தக் கடையிலும் அது இல்லை. சவரிராயனின் மைத்துனர் அல்போன்ஸ் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டு சின்ன ஊதா லேபிள் பாட்டில்களை வாங்கிவந்து, கொல்லையில் வைத்து, அலமாரிப் பாட்டிலில் புனல் வழியாக ஊற்றிவிட்டார். மலிவுச் சரக்கைத்தான் ஊற்றுகிறோம் என்றே அவர் நினைத்தார்.

பெனுவா குடித்தார். கண்ணை மூடி, "அதே வாசம், அசல்" என்றார். சபையே தலையாட்டியது. பிறகு கை கழுவக் கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல் மேல் இரண்டு ஊதா லேபிள் பாட்டில்களும் ஈரம் காயாத புனலும் இருந்தன.

திரும்பி வந்தவர் முகம் சிவந்திருந்தது. பாட்டன் கிடங்குப் பாட்டிலில் ஊதா லேபிளை ஊற்றிக் கொடுக்கும் ஏமாற்றுக்காரக் குடும்பத்தில் பெண் எடுப்பதில்லை என்று சபையில் சொல்லிவிட்டார். இதற்கு என்ன பதில் என்று எல்லோரும் சவரிராயனைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே பீப்பாய் என்று ஒரு வார்த்தை போதும், மகளின் மானம் தப்பும். ஆனால் சத்தியமும் அந்த மகள் மேல்தான். பாவம், மனிதர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அப்போது மோனிக் உள்ளேயிருந்து வந்தாள். கருப்பட்டி வாசம்தான் ரகசியம் என்று பெண் பார்க்க வந்த அன்று பெனுவா சொன்னதும் அவள் காதில் விழுந்திருந்தது.

"மாமா, புயல் வந்த வருஷம் அப்பா பீப்பாய் அடைக்கறதுக்கு எங்க உரல்ல நான் இடிச்சுக் குடுத்த கருப்பட்டி, உங்க பாட்டன் கிடங்குக்கு எப்பிடி வந்துச்சு?"

பெனுவா பாட்டிலைப் பார்த்தார், ஊதா லேபிளை நினைத்தார்.

பாட்டிலை நிரப்பிய அல்போன்ஸ், வாயைத் திறக்காத சவரிராயன், சபையில் கேட்டுவிட்ட மோனிக். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மோனிக். அல்போன்ஸ் ஊற்றிய சரக்கு சரியானதுதான், ஆனால் அவர் நினைத்து ஊற்றியது பொய். பாட்டன் கிடங்குக்காரர் செய்ததையே அச்சகம் இல்லாமல் செய்தார், அவ்வளவுதான். சவரிராயன் சத்தியத்தைக் காத்தார், ஆனால் முதலாளியின் வியாபாரத்துக்கு மகளின் பெயரைக் காவல் வைத்தார். மோனிக் யாருக்கும் வாக்குக் கொடுத்தவள் அல்ல, தன் கருப்பட்டியைப் பற்றித்தான் கேட்டாள். சத்தியம் யார் தலை மேல் இருந்ததோ, அவளுக்குத்தான் அதை இறக்கிவைக்க உரிமை. கல்யாணம் என்ன ஆயிற்று என்பீர்கள். சரி, தட்டை மாற்றலாம் என்றார் பெனுவா. மோனிக்தான் சம்மதிக்கவில்லை. "உங்க நாக்கு சொன்னதையே நீங்க நம்பலை மாமா. நாளைக்கு என்னைப் பத்தி யாராவது ஒண்ணு எழுதி ஒட்டினா, எதை நம்புவீங்க?" என்றாள். தட்டுகள் வந்த வழியே திரும்பின. போகும்போது அந்தப் பாட்டிலை மட்டும் பெனுவா மறக்காமல் எடுத்துப்போனார்.