அண்டாவில் நனையாத கை

கிட்ட வந்து உட்காருங்க. அந்த ஓரத்தில் இருக்கிறவரும் நகர்ந்து வரலாம். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியாது, ராஜாவின் தொடை சமாசாரமும் இதில் வருகிறது.

ரொம்பக் காலத்துக்கு முந்தி மூங்கிலாற்று நாட்டை வெண்ணிமாறன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் யாராவது புதுசாக எதையாவது சொல்லிவிட்டால் போதும், அதைச் சட்டமாக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். பாட்டுப் பைத்தியம் வேறு. கேட்கிற பைத்தியமாக இருந்தால் பரவாயில்லை, இது பாடுகிற பைத்தியம்.

அவன் சபையில் குழைக்காதர் என்று ஒருவர் இருந்தார். ஒரு நாள் பெரிய பித்தளை அண்டா நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து சபை நடுவில் வைத்தார்.

"அரசே, இது மந்திரித்த தீர்த்தம். பாவமில்லாத கையில் ஒட்டாது. ஒட்டினால் அவன் குற்றவாளி. சாட்சியும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வழக்கானாலும் அண்டாதான். தண்ணீருக்குள் விட்ட கை நனையாமல் என்ன செய்யும்? செக்காட்டுகிறவரின் மாடு போயிற்று, பூக்காரியின் வீடு போயிற்று. எல்லாம் அண்டா பூசைக்கு என்று சொல்லி, குழைக்காதர் வீட்டுப் பக்கமே போயிற்று. குளிக்கும்போதும் கை நனையுதே சாமி என்று பூக்காரி அழுதாள். அது வெறும் தண்ணீர், இது தீர்த்தம் என்று சொல்லிக் குழைக்காதர் அவளை அனுப்பிவிட்டார்.

மந்திரி மலைக்கொழுந்தர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ராஜா காதில் ஏறவில்லை. குழைக்காதருக்கோ மந்திரியின் ஆசனத்தின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். ராஜா பாட ஆரம்பித்தால் கொட்டாரத்து யானை சங்கிலியை அறுத்துக்கொள்கிறது என்று மந்திரி ஊரெல்லாம் சொல்லித் திரிவதாகச் சபையிலேயே போட்டு உடைத்தார். சொன்னாரா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரே சொன்னதுதான்.

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. நாளைக் காலையில் அண்டாவில் கை விட வேண்டும். நனைந்தால் மந்திரி குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும், ஆசனம் குழைக்காதருக்கு என்று தீர்ப்பாயிற்று.

வீட்டுக்கு வந்த மந்திரி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு அதன் தொடையிடுக்கில் பொடி தடவினார். மந்திரி பிறந்தது குளிர்ந்த மலையூர். அங்கே பாசி மாதிரி ஒரு கொடி, நரிவால் கணக்காகத் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். அதிலிருந்து விரல் போலக் கதிர் நிமிர்ந்து நிற்கும். தட்டினால் கடலை மாவு நிறத்தில் பொடி பறக்கும். குழந்தைக்குத் தோல் புண்ணானால் அதைத்தான் போடுவார்கள். வைத்தியர்கள் மாத்திரை ஒட்டாமலிருக்க அதில் புரட்டுவார்கள். நெருப்பில் தூவினால் குப்பென்று எரியும் என்று திருவிழாவில் விளையாடுவார்கள். பட்டுடுத்தி நாளெல்லாம் சிம்மாசனத்தில் உட்கார்ந்து ராஜாவுக்கும் தொடையிடுக்கு வெந்துபோக, மந்திரிதான் ரகசியமாக ஒரு டப்பா கொடுத்திருந்தார். அது அவர்கள் இரண்டு பேரோடு சரி.

பொடிக் கையைக் கழுவப் போனார் மந்திரி. தண்ணீர் சேம்பு இலையில் ஓடுகிற மாதிரி உருண்டு ஓடிவிட்டது. இன்னொரு செம்பு ஊற்றினார். கை காய்ந்தபடியே இருந்தது. அவருக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது.

"நாட்டை விட்டுத் துரத்தப் போகிறார்கள், உங்களுக்கு என்ன சிரிப்பு?" என்றாள் மனைவி செங்கமலம்.

"எங்க ஊர்க் கொடி எனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்குடி."

காலையில் சபை நிரம்பி வழிந்தது. மந்திரி கும்பிட்ட கையோடு வந்தார். கர்ப்பூரத் தட்டை நீட்டினார்கள். பொடி பூசிய அந்தக் கையை நெருப்புப் பக்கம் கொண்டுபோக அவருக்கென்ன பைத்தியமா? தள்ளி நின்றே குனிந்து கும்பிட்டுவிட்டு, மணிக்கட்டு வரை அண்டாவுக்குள் விட்டார். தண்ணீருக்குள் கை வெள்ளி பூசினது போல மின்னிற்று. வெளியே எடுத்தார். ஒரு சொட்டு இல்லை. குழைக்காதர் தம் சால்வையாலேயே ஒற்றிப் பார்த்தார். சால்வையும் நனையவில்லை.

ராஜா துள்ளி இறங்கி வந்தான். நானும் விட்டுப் பார்க்கிறேன் என்றான். ராஜா கை நனைந்தால் அவனல்லவா குற்றவாளி?

மந்திரி ஓடிப்போய் ராஜாவின் கையைத் தம் இரண்டு கையாலும் ஏந்தினார். முன்னும் பின்னும் தடவித் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வழவழப்பு ராஜாவுக்குத் தெரியாததா? தினம் தடவுகிறவன் ஆயிற்றே. மந்திரியைப் பார்த்தான். மந்திரி கூரையைப் பார்த்தார். ராஜா அண்டாவில் கையை விட்டான், எடுத்தான். காய்ந்த கை.

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று வாயெடுத்த குழைக்காதர் பாதியில் நிறுத்திக்கொண்டார். யார் கையில் சூது என்று சொல்வது?

"என்னவோ சொல்ல வந்தீரே" என்றான் ராஜா.

"ஒன்றுமில்லை, அரசே."

"அப்படியானால் உம்முடைய கையும் ஒரு தடவை போய் வரட்டும்."

குழைக்காதர் மந்திரியின் காதோரம் சாய்ந்தார். "மந்திரியாரே, என் கையையும் கொஞ்சம் பிடியுமேன்."

"பாவமில்லாத கையை நான் எதற்குப் பிடிக்க வேண்டும், சாமி?"

அந்தக் கை முழங்கை வரை சொட்டச் சொட்ட வெளியே வந்தது.

ராஜா அண்டாவைக் கவிழ்க்கச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டு, யானை சமாசாரம் நிஜமா என்று மெல்லக் கேட்டான். யானைக்குச் சங்கீத ஞானம் போதாது, அரசே என்றார் மந்திரி. ராஜா சிரித்துவிட்டான்.

பூக்காரிக்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தான். குழைக்காதருக்குத் தண்டனையும் சொன்னான்: பிடுங்கிய மாடுகளை அவரே ஒவ்வொன்றாகக் கயிறு பிடித்து, வெயிலில் நடந்து, அவரவர் வீட்டில் கட்டிவிட்டு வர வேண்டும்.

பல்லக்கை விட்டு இறங்காத கனத்த உடம்பு. முதல் மாட்டோடு தெரு முனை திரும்புவதற்குள்ளேயே காலை அகட்டி அகட்டி நடந்தார். மலைக்கொழுந்தர் பின்னாலேயே வேகமாகப் போய், மடியிலிருந்த சின்னப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்து மூடினார்.

"நெருப்புக்கிட்ட போகாமல் தடவிக்கொள்ளும், சாமி. செக்காட்டுகிறவர் வீடு தூரம்."